ஈஸ்ட் தேர்ந்த கதை

பீர் என்னும் பானத்திற்கு வேண்டிய பொருள்கள் நான்கே: பார்லி, ஹாப்ஸ், நீர், ஈஸ்ட். வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகும் மேலைநாட்டு ஆர்வலர் ஒருவர், இவற்றுள் முதல் மூன்றையும் வாங்குவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. நான்காவதன் முன்தான் தயங்கி நிற்கிறார். ஜெர்மானியக் கோதுமை பீருக்கு ஒன்று, ஆங்கிலேயரின் ஏலுக்கு ஒன்று, பெல்ஜியத்துப் பண்ணை பீருக்கு ஒன்று, குளிரில் மட்டுமே செவ்வனே வேலை செய்யும் லாகருக்கு ஒன்று எனப் பொட்டலங்களும் குப்பிகளும் அவர் முன் வரிசையாக நிற்கின்றன. ஒரே பார்லிச் சாற்றை இரண்டாகப் பிரித்து இருவேறு ஈஸ்ட்டுகளை இட்டால் இருவேறு பானங்கள் கிடைக்கும் என்பதை அவர் அறிவார்.

எந்த ஈஸ்ட்டைத் தேர்வது? மிக எளிய கேள்விதான். ஆயினும் மனிதர் பீர் அருந்திவரும் பல்லாயிரம் ஆண்டுகளில், இக்கேள்வியை இந்த வடிவில் கேட்க இயன்றது ஏறத்தாழ 140 ஆண்டுகளாக மட்டுமே. கேட்கவே இயலாதிருந்த ஒரு கேள்வி எவ்வாறு கேட்கத்தக்கதாயிற்று, அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாக நினைவிற் கொள்வோம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறவிட்டால், மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிய சாறு இறங்குகிறது. அச்சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து ஆறவிடுவர். இதுவரை நிகழ்வதெல்லாம் மனிதன் செய்யும் வேலை. இதன் பின்னர் நிகழ்வது ஈஸ்ட்டின் வேலை. சர்க்கரையை உண்டு அது ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. கூடவே மிகச் சிறிய அளவில் நறுமணப் பொருள்கள் பலவற்றையும் விட்டுச் செல்கிறது. வாழைப்பழ வாசம், கிராம்பு வாசம், பழச்சாயல் என நாம் நாவாலும் மூக்காலும் உணர்பவற்றுள் பல இந்த எச்சங்களே.

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பவேரியாவின் இங்கோல்ஷ்டாட் நகரில் ஒரு சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பீரில் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்த்தல் கூடாது என்பது அதன் புகழ்பெற்ற விதி. அப்பட்டியலில் ஈஸ்ட் இல்லை. அக்காலத்தவர் ஈஸ்ட்டை அறியாதிருந்தமையே இதற்குக் காரணம் எனப் பலரும் எழுதுவர். இது பாதி உண்மைதான். ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆனால் பீர்த் தொட்டியின் மேலே பொங்கும் நுரையையும் அடியிற் படியும் மண்டியையும் நன்றாகவே அறிந்திருந்தனர். ஜெர்மானிய மொழியில் ஈஸ்ட்டைக் குறிக்கும் 'ஹேஃபே' என்ற சொல், மேலே தூக்குதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலச் சொல்லான 'ஈஸ்ட்' என்பதன் வேரிலோ கொதித்தல், நுரைத்தல் என்ற பொருள் உள்ளது. பொருளின் இயல்பு தெரியாதபோதும் அதன் செயலைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றனர். மேலும், இட்டதைவிடப் பன்மடங்காகப் பெருகித் திரும்பக் கிடைக்கும் ஒன்றைச் 'சேர்க்கும் பொருள்' என்று எண்ண அவர்களுக்குத் தோன்றாததில் வியப்பில்லை.

இந்த மண்டியை அவர்கள் எறிந்துவிடவில்லை. ஒரு தொட்டியில் எஞ்சியதை எடுத்து அடுத்த தொட்டியில் இட்டனர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றும் நம் வீட்டு வழக்கத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உறை கெட்டால் அண்டை வீட்டில் வாங்குவோம். அவ்வாறே பீர் காய்ச்சுவோரும் தம் மண்டி புளித்துவிட்டால் அயலாரிடம் பெற்றனர். நன்றாக அமைந்த தொட்டியின் மண்டி அடுத்த தொட்டிக்குச் சென்றது. கெட்ட தொட்டியின் மண்டி சாக்கடைக்குச் சென்றது. இங்கே ஒரு தேர்வு நிகழ்ந்துகொண்டே இருந்தது. எதைத் தேர்கிறோம் என்பதுதான் தேர்ந்தவர்க்குத் தெரியாது.

அரசாணையும் கூட இத்தேர்வில் பங்கேற்றது. 1553இல் பவேரியாவில், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையிலான குளிர் மாதங்களில் மட்டுமே பீர் காய்ச்சலாம் என்று ஆணையிடப்பட்டது. கோடையில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுப்போனதே காரணம். இவ்வாணையின் விளைவை ஆணையிட்டவர் எவரும் எண்ணியிருக்க இயலாது. குளிரில் முடங்கிப்போகும் ஈஸ்ட்டுகள் பின்தங்க, குளிரிலும் உழைக்கும் ஈஸ்ட்டுகள் தொட்டிகளை நிறைத்தன. இவை நுரையோடு மேலெழாமல் தொட்டியின் அடியிற் படிந்தன. நிலவறைக் குளிரில் மாதக்கணக்கில் வைத்திருந்து தெளியவிடும் இவ்வகைப் பீருக்கு, கிடங்கு என்ற பொருள்படும் 'லாகர்' என்ற பெயர் அமைந்தது. இன்று உலகில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இதுவே.

ஈஸ்ட் இன்னதென்று அறியும் முயற்சி நெடியது. 1680இல் நெதர்லாந்தின் லேவன்ஹூக் தம் உருப்பெருக்கியின் வழியே பீரிலுள்ள சிறு உருண்டைகளைக் கண்டார். ஆயின் அவை உயிருள்ளவை என அவர் கருதவில்லை. 1837ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் கான்யார் த லா தூர், ஜெர்மனியின் ஷ்வான், க்யூட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, ஈஸ்ட் உயிருள்ளது என்ற முடிவுக்கு வந்தனர். வேதியியலின் பெருந்தலைகளோ இதனை ஏற்கவில்லை. 1839இல் வோலரும் லீபிக்கும் தம் இதழிலேயே, பெயர் குறிப்பிடாமல் ஓர் அங்கதக் கட்டுரையை வெளியிட்டனர். வாலைக் குடுவை வடிவிலான குட்டி விலங்குகள் சர்க்கரையை விழுங்கி, ஒரு வழியாக ஆல்கஹாலையும் மறு வழியாக வாயுவையும் கழிப்பதாக அது எள்ளியது. எள்ளலின் நடுவே அவர்கள் எழுதிவைத்தது ஏறக்குறைய உண்மையாகவே அமைந்துவிட்டது என்பது வரலாற்றின் குறும்பு.

பின்னர் வந்த பாஸ்டர், நொதித்தல் உயிர்ச்செயலே என்பதை நிலைநாட்டினார். 1870இல் மூண்ட போரில் ஜெர்மானியரிடம் பிரான்சு தோற்றபின், பீர்த் தொழிலில் அவர்களை விஞ்ச வேண்டும் என்ற வேட்கையும் அவரை ஆய்வுக்குத் தூண்டியது. 1871இல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்ற அவர், அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் கண்டு அதில் கலந்திருந்த கேட்டினைச் சுட்டிக்காட்டினார். சில நாட்களுக்குள் அவ்வாலையார் ஒரு நுண்ணோக்கி வாங்கிவிட்டனர். பீர் பற்றிய அவரது நூல் 1876இல் வெளிவந்தது. பீரின் நோய்களுக்குப் பாக்டீரியா முதலிய அயல் உயிர்களே காரணம் என்பது அவரது முடிவு. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சும் ஈஸ்ட் நல்ல ஈஸ்ட் என்பது அதன் உட்பொருள். ஈஸ்ட்டிலேயே நல்லதும் தீயதும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

அந்த எண்ணம் டென்மார்க்கில் பிறந்தது. 1845இல் ஜே. சி. ஜேக்கப்சன் என்ற டேனிஷ் பீர்த் தயாரிப்பாளர், மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையிலிருந்து லாகர் ஈஸ்ட்டைப் பெற்றுக்கொண்டு கோபன்ஹேகன் திரும்பினார். பயணம் நெடியது. வெப்பத்தில் ஈஸ்ட் மடிந்துவிடும். தம் தொப்பிப் பெட்டிக்குள் அதனை வைத்து, குதிரைவண்டி நின்ற இடந்தோறும் குளிர்ந்த நீரூற்றிக் காப்பாற்றி வந்தார் என்பர். 1847இல் அவர் நிறுவிய ஆலைக்குத் தம் மகன் கார்லின் பெயரால் கார்ல்ஸ்பெர்க் எனப் பெயரிட்டார். 1875இல் ஆலையை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடத்தையும் அமைத்தார். அங்கு கண்டறியப்படும் எதனையும் மறைத்துவைத்தல் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இந்த ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். 1842இல் ரீபே என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் பழகியவர். வறுமையினூடே கற்று, எழுதிப் பிழைத்தவர். டார்வினின் கடற்பயண நூலை நண்பர் ஒருவரோடு சேர்ந்து டேனிஷ் மொழியில் பெயர்த்தவர். தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் ஈஸ்ட்டுகள் இயல்பில் வேறுபடுகின்றன என்பதை அவர் கண்டார். நுண்ணோக்கி அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் அவை வித்துகளை உருவாக்குகின்றன என்பதைக் கொண்டு அவர் பிரித்தறிந்தார். பீர் கசந்தும் கலங்கியும் போவதற்குப் பாக்டீரியா மட்டுமன்று, தொட்டிக்குள் புகுந்துவிட்ட காட்டு ஈஸ்ட்டும் காரணம் என்பது அவரது முடிவு.

அப்படியாயின் நல்லதை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? ஹான்சனின் வழி வியக்கத்தக்க எளிமையுடையது. ஈஸ்ட் கலந்த நீரை மேலும் மேலும் நீர்த்துப்போகச் செய்தார். ஒரு குடுவைக்கு ஓர் உயிரணு கூடக் கிட்டாத அளவு நீர்த்தபின், அதனைச் சாறு நிறைந்த பல குடுவைகளில் இட்டார். பல குடுவைகளில் எதுவும் வளரவில்லை. ஒரேயொரு புள்ளி மட்டும் வளர்ந்த குடுவையில், அப்புள்ளி ஓர் உயிரணுவின் வழித்தோன்றலாகத்தான் இருத்தல் வேண்டும். இவ்வாறு பிரித்த வகைகளுள் நல்ல பீரைத் தந்ததைத் தேர்ந்தார். 1883 நவம்பரில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் தொட்டிகளில் அந்த ஈஸ்ட் இடப்பட்டது. பலகோடி உயிரணுக்கள் இருந்த தொட்டியில், அனைத்தும் ஒரே தாயின் மக்கள்.

ஜேக்கப்சன் இதனை மறைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் ஈஸ்ட்டையும் முறையையும் வழங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் தூய ஈஸ்ட்டுக்கு மாறத் தொடங்கின. 1886இல் ஹெய்னகன் ஆலையும் தனக்கென ஒரு தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டது. தொட்டி தொட்டியாகப் பீரைச் சாக்கடையில் கொட்டி நொந்திருந்த தொழிலுக்கு இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. இன்றைய வீட்டு ஆர்வலரின் கையிலுள்ள பொட்டலமும் ஹான்சனின் குடுவையிலிருந்து இறங்கிவந்ததே எனலாம்.

ஆனால் தேர்வு என்பது விலக்கும் ஆகும். தமிழ் பயிற்றும் நமக்கு ஒரு பதிப்பாசிரியரின் நினைவு வருகிறது. அவர் பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்கிறார். ஏனையவற்றை அடிக்குறிப்பில் காத்துவைக்கிறார். பின்னர் வருபவர் மாறுபடலாம் என்பதற்கு அந்த அடிக்குறிப்பே இடந்தருகிறது. பீர் ஆலையின் தொட்டிக்கு அடிக்குறிப்பு இல்லை. விலக்கப்பட்ட ஈஸ்ட், எவரேனும் வேறிடத்தில் பேணினாலன்றி, அழிந்துபோகும்.

விலக்கப்பட்டவை எல்லாம் தீயவைதாமா? இக்கேள்விக்கு விடை அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலேயர் தம் வலிய பீர்களை மரப்பீப்பாய்களில் நெடுங்காலம் முதிரவைப்பர். தூய ஈஸ்ட்டால் நொதித்த பீரில் அந்த முதிர்ந்த மணம் வரவில்லை. காரணத்தைத் தேடிய ஹெல்ட்டே கிளாவுசன், பீப்பாயில் மெதுவாக வளரும் வேறோர் ஈஸ்ட்டே அம்மணத்தைத் தருகிறது எனக் கண்டு, 1904இல் அறிவித்தார். பிரித்தானியப் பூஞ்சை என்ற பொருளில் அதற்கு பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். லாகர் ஆலையில் நோய் எனப்படும் அதே உயிர், லண்டன் பீப்பாயில் சுவை எனப்படுகிறது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை அடுத்த சென் ஆற்றுப்பகுதியிலோ இன்றும் லாம்பிக் என்ற பீருக்கு எவரும் ஈஸ்ட் இடுவதில்லை. கொதித்த சாற்றைத் திறந்த அகன்ற தொட்டியில் ஓரிரவு குளிரவிட்டுப் பீப்பாய்களில் அடைத்துவிடுகின்றனர். காற்றிலும் மரத்திலும் வாழும் உயிர்கள் ஆண்டுக்கணக்கில் அதனை நொதிக்கச் செய்கின்றன.

நார்வே நாட்டின் மேற்குப்பகுதி நமக்கு இன்னொரு பாடம் சொல்கிறது. அங்குள்ள பண்ணை வீடுகளில், பண்டிகைக்கும் திருமணத்திற்கும் பீர் காய்ச்சுவது குடும்ப வழக்கம். அவர்கள் பயன்படுத்தும் ஈஸ்ட்டுக்குக் 'குவைக்' என்று பெயர். உயிருள்ளது என்ற பொருளுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு உறவுடையது இப்பெயர். துளையிட்ட மரக்கட்டைகளையும் மரத்துண்டுகளைக் கோத்த வளையங்களையும் மண்டியில் தோய்த்து உலர்த்தி, அடுத்த முறை வரை மாதக்கணக்கில் வைத்திருப்பர். ஈஸ்ட்டை இடும்போது அது வலிமை பெறவேண்டும் என்று உரக்கக் கூவும் வழக்கமும் இருந்தது. ஏல் ஈஸ்ட்டுகளை 20 பாகை செல்சியஸை ஒட்டி இடுவதே பொது வழக்கம். குவைக்கையோ 30 முதல் 40 பாகை வரையிலான சூட்டில் இடுகின்றனர். பிற ஈஸ்ட்டுகள் அச்சூட்டில் தரும் கடுமை இதில் தோன்றுவதில்லை.

ஆட் நூர்ட்லாண்ட் என்ற ஆய்வாளர் 1969இலேயே நார்வேயின் பீர் மரபுகளை ஒரு பெரிய நூலாக எழுதிவைத்தார். எனினும் பீர் உலகம் குவைக்கை அறிந்தது 2010க்குப் பின்னரே. லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற ஆர்வலர் பண்ணைதோறும் சென்று காய்ச்சுவோரிடம் கேட்டு எழுதினார். மாதிரிகள் ஆய்வகங்களுக்குச் சென்றன. 2018இல் வெளியான ஆய்வு, குவைக் ஈஸ்ட்டுகள் பிற பீர் ஈஸ்ட்டுகளிலிருந்து மரபால் தனித்து நிற்கும் ஒரு குழு எனக் காட்டியது. நுண்ணோக்கி பாராத குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக ஒரு தனிக்குலத்தையே வளர்த்தெடுத்திருக்கின்றன.

மரபணு ஆய்வு பழைய வரலாற்றின் மீதும் புதிய ஒளி பாய்ச்சியுள்ளது. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோருள் ஒன்று ஏல் ஈஸ்ட். மற்றொன்று யாதென நெடுங்காலம் தெரியாதிருந்தது. 2011இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில், தென்திசை பீச் மரங்களில் அந்த மற்றொன்று கண்டறியப்பட்டு, சாக்கரோமைசிஸ் யூபயானஸ் எனப் பெயர் பெற்றது. பின்னர் திபெத்திலும், 2022இல் அயர்லாந்திலும் அது இருப்பது தெரியவந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோதுமை பீர் ஈஸ்ட்டு மியூனிக்கின் அரச ஆலைக்குக் கொண்டுவரப்பட்டபோது இக்கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என்ற கருதுகோளை 2023இல் வெளியான ஓர் ஆய்வு முன்வைத்துள்ளது. இன்று உலகெங்கும் காய்ச்சப்படும் லாகரின் ஈஸ்ட்டுகள் இரண்டே கிளைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பெரிய தொழில் இவ்வளவு ஒடுங்கிய அடித்தளத்தின் மீது நிற்கிறது.

2016இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு, நம்மை இன்னும் வியக்கவைக்கிறது. காட்டு ஈஸ்ட்டு பார்லிச் சாற்றில் கிராம்பு போன்ற வாசத்தைத் தரும். பீர் ஈஸ்ட்டுகள் பெரும்பாலானவற்றில் அவ்வாசத்தை உண்டாக்கும் மரபணுக்கள் செயலிழந்து கிடக்கின்றன. கிராம்பு வாசத்தை விரும்பிக் காக்கும் ஜெர்மானியக் கோதுமை பீரின் ஈஸ்ட்டுகளிலோ அவை செயலோடு இருக்கின்றன. ஈஸ்ட் என்ற உயிர் உண்டென்றே அறியாத மக்கள், தம் நாவின் விருப்பு வெறுப்புகளை அதன் மரபணுவில் எழுதிவிட்டிருக்கின்றனர். ஹான்சனுக்கு முன் தேர்வு இருந்ததில்லை என்று இனி நாம் சொல்ல இயலாது. தேர்வு இருந்தது. தேர்வதை அறிந்து தேர்வது ஹான்சனோடு தொடங்கியது.

இனி வீட்டு ஆர்வலரிடம் திரும்புவோம். பிரிட்டனில் உரிமம் இன்றி வீட்டில் பீர் காய்ச்ச 1963இல் வழி பிறந்தது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தால் கூட்டரசின் வரித்தடை நீங்கியது. தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உலர் ஈஸ்ட்டே. அதன் தரமும் நம்பத்தக்கதாக இல்லை. 1986இல் ஒரிகன் மாநிலத்தில் வையீஸ்ட், 1995இல் சான் டியாகோவில் வைட் லாப்ஸ் ஆகிய நிறுவனங்கள் தோன்றி, ஆலைகளுக்கே உரியனவாயிருந்த ஈஸ்ட் வகைகளை உயிருள்ள திரவ வடிவில் வீட்டாருக்கும் எட்டச்செய்தன.

இன்று அவர் ஐந்து செய்திகளைப் பார்த்துத் தேர்கிறார். சாற்றின் சர்க்கரையில் எவ்வளவு பங்கினை ஈஸ்ட் உண்ணும்? ஆங்கில ஈஸ்ட்டுகள் பல சற்று இனிப்பை மிச்சம் வைக்கும். பண்ணை பீர் ஈஸ்ட்டுகள் துடைத்து உண்ணும். வேலை முடிந்தபின் திரண்டு அடியிற் படியுமா, கலங்கி மிதக்குமா? எந்த வெப்பநிலையை விரும்பும்? எவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கும்? எவ்வகை மணத்தைத் தரும்? இவற்றுள் வெப்பநிலையே முதன்மையானது என்பது நம் கருத்து. 10 பாகைக் குளிரைத் தர இயலாதவர் லாகர் ஈஸ்ட்டை வாங்கிப் பயனில்லை. தம் வீட்டின் இயல்பறிந்து, அதற்கு இசைந்த ஈஸ்ட்டைத் தேர்பவரே நல்ல பீரைக் காய்ச்சுகிறார். பவேரியக் குளிரும் நார்வேயின் சூடான தொட்டியும் தத்தமக்குரிய ஈஸ்ட்டை வளர்த்துக்கொண்டது இவ்வாறுதானே?

இங்கே ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். குவைக் இன்று பொட்டலத்தில் விற்பனைக்கு வருகிறது. பொட்டலத்திலுள்ளது பெரும்பாலும் ஒரே உயிரணுவின் வழித்தோன்றல். பண்ணை வீட்டு வளையத்தில் இருந்ததோ பல வகைகள் கூடிவாழ்ந்த ஒரு குடும்பம். பெயர் ஒன்று, பொருள் வேறு. ஹான்சனின் குடுவை நார்வே மரபைக் காப்பாற்றிய அதே வேளையில் அதனைச் சுருக்கியும்விட்டது. மறுபுறம், இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள தேசிய ஈஸ்ட் சேமிப்பகம் போன்றவை ஆலைகளின் பழைய வகைகளை உறைநிலையில் காத்துவருகின்றன. நாம் முன்னர்க் கூறிய அடிக்குறிப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் உறைநிலையிலுள்ள ஈஸ்ட்டு மாறாது. வளையத்திலுள்ள ஈஸ்ட்டோ ஒவ்வொரு தொட்டியிலும் சிறிது மாறும். காப்பகம் நேற்றைய ஈஸ்ட்டைக் காக்கிறது. ஈஸ்ட்டு மாறிவரும் வழக்கத்தைக் காப்பது வீடு மட்டுமே.

ஆதலின், தூய்மை நல்லதா பன்மை நல்லதா என்று வழக்காடுவதில் பொருளில்லை. தூய்மை இல்லையேல் தொழில் இல்லை. பன்மை இல்லையேல் அடுத்த தேர்வுக்கு எதுவும் எஞ்சாது. வீட்டில் காய்ச்சுபவர் ஒரு பொட்டலத்தை வாங்கி, பீர் முடிந்தபின் அடியிலுள்ள மண்டியைச் சுத்தமான புட்டியில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்கிறார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அதனை இடுகிறார். நன்றாயிருந்தால் மறுபடியும் எடுத்துவைக்கிறார். கெட்டுவிட்டால் கொட்டிவிட்டு நண்பரிடம் கேட்கிறார். ஆய்வகத்திலிருந்து வந்த ஈஸ்ட்டு, அவருடைய அடுக்களைக்கு வந்தபின், பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுகிறது.